கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஆறு மாதத்துக்கே ஒருமுறை பவர் ஏறுகிறது. போன வருஷக் கண்ணாடி இந்த வருஷம் உதவாது. புதுக் கண்ணாடி போட்ட அன்றைக்கே "இன்னும் தெளிவா இல்லம்மா" என்கிறான். சும்மா இருக்கும்போதெல்லாம் கண்ணைக் கசக்குகிறான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பதிவைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

என் அக்கா ஜொகூரில் உள்ள குளுவாங்கில் இருக்கிறார். அவருடைய மூத்த மகனுக்குப் பதினேழு வயதில் கெரட்டோகோனஸ் என்று தெரியவந்தது. இடது கண்ணுக்கு கிராஸ்லிங்கிங் சிகிச்சை நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அந்தச் சமயத்தில் இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல எங்களுக்கு யாரும் அமையவில்லை. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்ததையும், பக்கத்திலிருந்து பார்த்ததையும் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. அவனுக்குத் தாய்மாமன், அவ்வளவுதான்.

முதலில் நோயைப் பற்றி. கண்ணின் முன்பக்கம், கருவிழிக்கு மேலே ஒளி ஊடுருவும் ஒரு சுவர் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், சுமார் 540 மைக்ரான். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய சுவர்தான் செய்கிறது. கெரட்டோகோனஸ் வந்தால் இது மெலிகிறது. மெலிந்த இடம் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் முன்னால் பிதுங்கிக் கூம்பாகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பது, நாற்பது வயதுவரை கூடிக்கொண்டே போய்ப் பிறகு தானாக அடங்கும். அதற்குள் எவ்வளவு பார்வையைக் கொண்டுபோயிருக்கும் என்பதுதான் கேள்வி.

இது வெறும் ரபுன், அதாவது சாதாரணப் பார்வை மங்கல், இல்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் உருவம் இரண்டு மூன்றாகத் தெரியும். வெண்பலகையில் எழுதிய எழுத்துக்குக் கீழே இன்னொரு நிழல் எழுத்து தொங்கும். இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் வால் முளைத்து ஒரு பக்கமாக வழியும். எங்கள் பையன் ஒருநாள் என் காரில் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வரும்போது, "மாமா, முன்னால போற காருக்கு உங்களுக்கு எத்தனை பின்லைட் தெரியுது?" என்று கேட்டான். இரண்டு என்றேன். அவனுக்கு இடது கண்ணில் ஐந்தாறு. விடியற்காலை நான்கு, ஐந்து மணி இருட்டில் காஸ்வேயைத் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். மழைத்தண்ணீர் வழியும் ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் இப்படி ஒரு கண்ணோடு யாராவது ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நோயை முதலில் சந்தேகித்தவர் கண்ணாடிக் கடையில் இருந்த இளம் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண். இங்கே கடைகளில் 'சிலாவ்' என்கிறார்களே, அந்த சிலிண்டர் பவர் ஒவ்வொரு தடவையும் அளவு மாறி, கோணமும் மாறி வந்திருப்பதை அவர் பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். "நான் இப்பவே கண்ணாடி போட்டுக் கொடுத்திருவேன் அக்கா, ஆனா அதுக்கு முன்னால கார்னியாவை மேப் எடுத்துப் பாத்துருங்க" என்றார். விற்பனையை விட்டுவிட்டு அப்படிச் சொல்லி அனுப்பிய அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். அவை ஒவ்வொன்றும் சாட்சி.

அந்த மேப்புக்குப் பெயர் டோபோகிராபி. வலியில்லை, சொட்டு மருந்துகூடத் தேவையில்லை. தாடையை வைத்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும். தட்டையான இடம் நீலம், பச்சையாகவும், செங்குத்தாக எழும்பிய இடம் சிவப்பாகவும் திரையில் வரும். அவனுடைய வலது கண் படத்தில் கீழ்ப்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது. இடது கண்ணின் கீழ்ப்பாதி சிவப்பு. சராசரிக் கண்ணில் 43, 44 டயாப்டர் இருக்கும் வளைவு அங்கே 52. மிக மெலிந்த இடத்தில் கனம் 450க்குச் சற்று மேலே. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்க வைக்கும் சோதனை எத்தனை முறை நடந்தாலும் இது அதில் சிக்காது. வடிவத்தை அளந்தால்தான் தெரியும்.

இதை நம் சமூகத்திடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் கணக்கெடுத்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் துணைக்கண்டப் பூர்வீகம் கொண்டவர்களுக்கு இந்த நோய் வெள்ளையர்களைவிட 4 மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. 2004இல் வடக்கு இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பார்த்தபோது 7 மடங்கு. நாகபுரியை ஒட்டிய கிராமங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு 2.3 விழுக்காடு என்றது. அது வளைவை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு, முழு மேப் எடுத்ததல்ல. அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். நெதர்லாந்தில் 2017இல் வந்த பெரிய கணக்கெடுப்பில் 375 பேருக்கு ஒருவர். அதுவே அங்கே அதுவரை நினைத்திருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே 'எங்கேயோ லட்சத்தில் ஒருத்தனுக்கு வர்றது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பரம்பரைக்கு இதில் பங்கு இருக்கிறது. கண் கசக்குவதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த கண் மருத்துவர் டேமியன் காட்டினெல், கசக்காத கண்ணில் இந்த நோயே வராது என்று வாதிடுகிற அளவுக்குப் போகிறார். எல்லா மருத்துவர்களும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் கசக்கினால் நோய் முற்றும் என்பதில் பெரும்பாலும் மாற்றுக் கருத்து இல்லை. நம் ஊரை யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க வெக்கை, மெத்தையிலும் திரைச்சீலையிலும் தூசு, 2015இலும் 2019இலும் பள்ளிகளையே மூடவைத்த புகைமூட்டம். ஆஸ்துமாவோ தும்மலோ தோல் அரிப்போ உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணும் சேர்ந்தே அரிக்கும். எங்கள் பையன் விரலால்கூட இல்லை, முஷ்டியை மடக்கி மூட்டுகளால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பான். தேய்க்கும்போது சுகமாக இருக்கும் என்பான். "கசக்காதேடா" என்று அதட்டி நிறுத்த முடியாது, அரிப்பை நிறுத்தினால்தான் கையும் நிற்கும். ஒவ்வாமைக்கென்றே சொட்டு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டி சொன்னார் என்று விளக்கெண்ணெயோ வேறெதுவுமோ கண்ணில் விட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் பார்மசியில் கேட்டு வாங்கித் தொடர்ந்து போடவே கூடாது. கண் அழுத்தம் ஏறி வேறொரு வழியில் பார்வை போகும்.

இந்த நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. லிவர்பூலைச் சேர்ந்த ஜான் நாட்டிங்ஹம் என்ற மருத்துவர் 1854இல் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதே காலத்தில் ஜெர்மனியில் வான் கிரேஃபே சில்வர் நைட்ரேட் வைத்துக் கார்னியாவைச் சுட்டு, அழுத்திக் கட்டுப் போட்டுப் பார்த்தார். படிக்கும்போதே கண் கூசுகிறது. 1888இல் பாரிஸில் யூஜின் கால்ட் கண்ணாடியால் ஓடு செய்து கண்ணில் பொருத்தினார். இன்றைய காண்டாக்ட் லென்ஸின் கதையில் இந்த நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு. 1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் முதன்முதலாக வெற்றிகரமாகக் கார்னியாவை மாற்றிவைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு நிலவரம் இதுதான்: லென்ஸ் போட்டுச் சமாளி, முடியாமல் போனால் இறந்தவரின் கார்னியாவுக்குக் காத்திரு.

அந்தக் காத்திருப்பில் நம் பக்கத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. இலங்கையின் கண்தானச் சங்கத்தைத் தொடங்கிய ஹட்சன் சில்வா 1964இல் முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கண்களை அனுப்பியது சிங்கப்பூருக்குத்தான். பனிக்கட்டி நிரப்பிய தெர்மாஸ் குடுவையில் அவை வந்தன. அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். இலங்கையில் யாரோ கொடுத்த கண் இங்கே யாரோ ஒருவருக்கு வெளிச்சமானது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆனாலும் பதினேழு வயதுப் பையனை அந்த வரிசையில் நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், அதுதானே முதல் வேலை?

அந்த வழி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் திறந்தது. அங்கிருந்த தியோ சைலர், எபெர்ஹார்ட் ஸ்போர்ல், கிரிகோர் வொலென்சாக் மூவரும் 1990களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கெரட்டோகோனஸ் அரிதாகவே வருகிறது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கார்னியாவிலுள்ள கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடுகிறது. நீரிழிவு இல்லாமல் அதே பிணைப்பை நாமே உண்டாக்க முடியுமா? கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டுவைத்த கழிகள் அத்தனையும் நல்ல கழிகளாகவே இருக்கட்டும், குறுக்கே கட்டிய கட்டு தளர்ந்திருந்தால் காற்றுக்குப் பந்தல் ஒரு பக்கம் சாயும். கழியை மாற்ற வேண்டியதில்லை, குறுக்குக் கட்டை இறுக்கினால் போதும். அந்தக் கட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின். அதைக் கார்னியாவில் ஊறவைத்து 370 நானோமீட்டர் புறஊதா ஒளியைக் காட்டினால், காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து இழைகளுக்கு நடுவே புதிய பிணைப்புகள் விழுகின்றன. இதுதான் கிராஸ்லிங்கிங். ஊறிய வைட்டமினே ஒளியைக் குடித்துக்கொள்வதால் கண்ணின் உள்பக்கத்துக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. ஆனால் கார்னியாவுக்குக் குறைந்தது 400 மைக்ரான் கனம் வேண்டும்.

2003இல் அவர்கள் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். 22 பேரின் 23 கண்கள். அத்தனை கண்ணிலும் நோய் நின்றது. 16 கண்களில் கூம்பு சராசரியாக 2 டயாப்டர் தணிந்தது. அமெரிக்கா 2016 ஏப்ரலில்தான் அனுமதி கொடுத்தது. நெதர்லாந்தில் இந்தச் சிகிச்சை வந்த பிறகு கெரட்டோகோனஸுக்காகச் செய்யும் கார்னியா மாற்று அறுவை ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது 2021இல் பிரிட்டனில் வெளிவந்த கெராலிங்க் ஆய்வு. பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் 60 பேர். சிகிச்சை பெற்றவர்களில் 18 மாதத்துக்குள் நோய் கூடியது 7 விழுக்காட்டினருக்கு, வெறும் கண்ணாடியும் லென்ஸுமாக விட்டவர்களில் 43 விழுக்காட்டினருக்கு. பிள்ளைகளுக்கு 'இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்' என்பது ஆபத்தான வாக்கியம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: "இதுக்குப் பிறகு பவர் போயிடும்னு நினைக்காதீங்க. கண்ணாடியோ லென்ஸோ வேணும். இப்ப இருக்கிற நிலையில நிறுத்திவைக்கத்தான் இது." அக்காவின் கணவர், என் மச்சான், பாசிர் கூடாங்கில் லாரி ஓட்டுகிறார். எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுகிற ஆள். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி கேட்டார்: "பார்வை கூடாது, கண்ணாடியும் போகாது, மூணு நாளைக்கு வலி வேற. அப்புறம் எதுக்கு தம்பி இவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் சிகிச்சை நின்றுபோகிறது என்று நினைக்கிறேன். காட்டராக்ட் அறுவை செய்தால் மறுநாளே பளிச்சென்று தெரிகிறது. லேசிக் செய்தவன் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறான். இதில் கைக்குக் கிடைப்பது என்று காட்ட ஒன்றும் இல்லை. "மச்சான், இந்தக் கண்ணு இன்னிக்குக் கண்ணாடி போட்டா பலகையில நாலாவது வரி படிக்குது. ரெண்டு வருஷம் கழிச்சும் அதே நாலாவது வரி படிச்சா அதுதான் நமக்கு லாபம்" என்றேன். அவர் அதிகம் பேசவில்லை. லாரியின் பிரேக்கைப் பற்றி என்னவோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று சாயங்காலமே நாள் குறித்துவிட்டார்.

லேசிக் என்று எழுதியதால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கண்ணுக்கு லேசிக் செய்யவே கூடாது. மெலிந்த சுவரை லேசர் மேலும் செதுக்கிவிடும். லேசிக்குக்குப் பிறகு கார்னியா பிதுங்கியதை 1998இல் முதலில் எடுத்து எழுதியவரும் அதே சைலர்தான். பவர் நிலைக்காத பிள்ளையை, கண்ணாடி வேண்டாம் என்ற ஆசையில் யாரும் நேராக லேசர் சென்டருக்குக் கூட்டிப்போக வேண்டாம். மேப் பார்க்காமல் லேசிக் பேசும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நடந்தது. மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போகும் சொட்டு மட்டும். அறைக்கு வெளியே இருந்த கண்ணாடிச் சன்னல் வழியாக எங்களைப் பார்க்கவிட்டார்கள். இமைகள் மூடாதபடி சிறிய கம்பிக் கவ்வியை மாட்டினார்கள். மரத்த கண்ணின் மேல்தோலை, நடுவில் 9 மில்லிமீட்டர் வட்டத்துக்கு, மெதுவாக வழித்தெடுத்தார்கள். மருந்து உள்ளே இறங்க அந்தத் தோல் தடை. பிறகு அரைமணி நேரம் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மஞ்சள் சொட்டு. சொட்டு வழிந்து கன்னம், காது மடல், தலையணை விரிப்பு எல்லாம் மஞ்சளானது. பிறகு விளக்கு. பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை, மங்கலான ஊதாநீலம். அது பட்டதும் மஞ்சள் ஊறிய கார்னியா பச்சையாக ஒளிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. டிரெஸ்டன் முறையில் விளக்கும் அரைமணி நேரம். இப்போது பல இடங்களில் ஒளியின் செறிவைக் கூட்டிப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள், கண்ணில் இறங்கும் மொத்த ஆற்றல் ஒன்றேதான். எங்கள் மருத்துவர் பழைய அரைமணி முறையையே எடுத்தார். பிள்ளைகளுக்கு அதில்தான் நீண்டகால அனுபவம் அதிகம் என்றார். தாதி பக்கத்திலேயே நின்று, "நேரா பாரு தம்பி, இன்னும் பத்து நிமிஷந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி ஒன்றும் இல்லை, விளக்கையே பார்க்க வேண்டியிருந்ததுதான் கஷ்டம் என்று அவன் பிறகு சொன்னான்.

வலி ராத்திரி வந்தது. மரப்பு விட்டதும் கண்ணில் மிளகாய்த்தூள் அப்பியதாகச் சொன்னான். அறையை இருட்டாக்கி, மாத்திரை கொடுத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோல் வளரும்வரை பாதுகாப்புக்கு ஒரு மென்மையான லென்ஸைக் கண்ணிலேயே விட்டிருந்தார்கள். அது கழன்று விழுந்தால் நாமே எடுத்துப் போடக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்தச் சில நாள்களில் தண்ணீர் படாமல், கை படாமல், ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒரு வேளை தவறாமல் பார்க்க வேண்டும். திறந்த கார்னியாவில் கிருமி தொற்றினால் தழும்பு விழும். நான்காம் நாள் எழுந்து காலைப் பசியாறலைக் கேட்டான், அப்போதுதான் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். முதல் இரண்டு மாதம் பார்வை முன்பைவிட மங்கலாகத்தான் இருந்தது. இது வழக்கம்தான், மூடுபனி மெல்ல விலகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் மச்சான் துடித்துப்போயிருப்பார்.

கார்னியா 400 மைக்ரானுக்கும் கீழே போய்விட்டது, இனி முடியாது என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சென்னை டாக்டர் அகர்வால்ஸ் கண் மருத்துவமனையின் சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் இதற்கு ஒரு வழியை எழுதினார்கள். புறஊதா ஒளியைத் தடுக்காத மென்மையான காண்டாக்ட் லென்ஸ் ஒன்றை அதே மஞ்சள் மருந்தில் ஊறவைத்துக் கார்னியாவின் மேல் போர்த்துகிறார்கள். லென்ஸின் கனமும் சேர்ந்து தேவையான அளவு எட்டிவிடுகிறது. எவ்வளவு எளிமை, எவ்வளவு கூர்மையான யோசனை! மெலிந்த கார்னியாவின் கனத்துக்கேற்ப ஒளியின் நேரத்தைக் குறைக்கும் முறையும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்கலாம்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டி, அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் வழக்கமாக 5 ரிங்கிட்தான். சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள், எத்தனை மாதம் ஆகும் என்று அங்கேயே கேளுங்கள். நாள் தள்ளிப்போகும் என்றால், பிள்ளை சின்ன வயது, பவர் வேகமாக ஏறுகிறது என்பதைப் பழைய சீட்டுகளோடு எடுத்துச் சொல்லுங்கள். தனியாரில் ஒரு கண்ணுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும், காப்புறுதி இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. ஜொகூர் பாருவில் பிறந்த நம் மூன்றாவது பிரதமரின் பெயர் தாங்கியது. ஊருக்குப் போகிறவர்கள் மதுரை அரவிந்திலோ சென்னை சங்கர நேத்ராலயாவிலோ காட்டுவதும் உண்டு. ஆனால் தொடர்ந்து பல வருஷம் மேப் எடுத்து ஒப்பிட வேண்டிய நோய் இது. பின்கவனிப்புக்கு ஒரே மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஒரு வருஷ மேப்பில் இடது கண் 52இலிருந்து 51க்கு வந்திருக்கிறது. மருத்துவர் சிரித்த முகமாகச் சொன்னது அந்த ஒரு புள்ளிக்காக இல்லை, ஏறவில்லை என்பதற்காக. கண்ணாடியில் சரிப்படாத மீதிப் பார்வைக்கு இப்போது ஸ்கிளீரல் லென்ஸ் போடுகிறான். வெள்ளை விழியில் உட்கார்ந்து, கார்னியாவைத் தொடாமல் நடுவில் உப்புநீரைத் தேக்கிவைக்கும் பெரிய லென்ஸ். காலையில் போட அவனுக்கு முதலில் அரைமணி நேரம் பிடித்தது. இப்போது பல் விளக்குவதோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரிக்கும் இதே நோய் இருப்பதும், லென்ஸ் போட்டு விளையாடுவதும் 2019இல் வெளியே தெரிந்தது. இதை நான் சொன்னபோது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, சுவரில் படம் ஒட்டியிருக்கிறான். வலது கண்ணுக்கும் அடுத்த மேப்பில் மஞ்சள் கூடினால் உடனே செய்துவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. இந்தத் தடவை மச்சான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டார்.

உடன்பிறந்தவர்களையும் பார்க்கச் சொன்னார்கள். தங்கைக்குப் பதின்மூன்று வயது, கண்ணாடியே போடாதவள். "எனக்கு எதுக்கு மாமா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கண்ணும் பச்சையாகவே வந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர், டிசம்பர் வாக்கில் அண்ணனோடு சேர்த்து அவளுக்கும் எடுப்பதாக அக்கா நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறார்.